ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு கதவு

போன வாரம் கதவு பார்க்கப் போனேன்.

நான் வீடு கட்டிக்கொண்டிருக்கும் விஷயம் உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் செங்கல், சிமென்ட், கொத்தனார் தவிர வேறெதையும் நான் எழுதவில்லை. 'சீக்கிரம் கிரகப்பிரவேசத்தை முடித்துத் தொலையுங்கள், நாங்களும் நிம்மதியாக இருப்போம்' என்று சிம்மக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். சுவர் வந்துவிட்டது. கூரை வந்துவிட்டது. ஹவுஸிங் லோன் பணம் தீர்ந்துவிட்டது. வாசலில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக என் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

அந்தச் சமயத்தில்தான் மாயழகன் வந்தான். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடம். இப்போது எழுமலைப் பக்கம் ஒரு நிலவள வங்கியில் வசூல் சூப்பர்வைசர். கிணறு வெட்ட, மோட்டார் வாங்க என்று விவசாயிகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கிற பேங்க்.

"மாப்ள, நல்ல தேக்குக் கதவு இருக்கு. திங்கக்கிழம ஏலம். வெள்ளிக்கிழமயே வந்து பாத்து வச்சுக்க."

"பேங்க்ல எதுக்குடா கதவு?"

"வா. வந்து பாரு."

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாயழகன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டான். போகிற வழியில் பேங்கின் நிதி நிலைமையை விளக்கினான். கொடுத்த பணமெல்லாம் கிணற்றுக்குள் போயிற்று. இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வரவில்லை, ஆகவே பணமும் மேலே வரவில்லை. ஆனால் ஜூன் மாதக் கடைசிக்குள் வசூல் சதவீதம் மேலே வந்தாக வேண்டும்! நிலத்தை ஏலம் விட்டால் எடுக்க ஆள் கிடையாது. காய்ந்த நிலத்தை வாங்கி யார் என்ன செய்வது? மேலாபீஸில் யாரோ ஒரு புத்திசாலி யோசித்தார். வீட்டுக் கதவைக் கழற்று. கதவு போனால் மானம் போகும், மானம் போனால் பணம் வரும்.

"வந்துச்சா?"

"கதவுதான் வந்துச்சு."

மொபெட் ஒரு தெருவுக்குள் நுழைந்தது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஓட்டு வீடுகள்தான். சுவர்கள் இருந்தன, நிலைகள் இருந்தன. ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. வெளியே கண்ணைக் கூசும் வெயில், நிலைக்கு உள்ளே ஒரே இருட்டு. சில வாசல்களில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றே இல்லை. ஆனால் நாங்கள் கடந்து போகப் போக, ஒவ்வொரு சாக்கும் லேசாக அசைந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. உள்ளே மனிதர்கள் இருந்தார்கள் என்பது நிச்சயம். ஏனென்றால் முதுகில் எனக்குக் கூசியது.

"பேச மாட்டாங்களா?"

"கதவில்லாத வீட்டுல எல்லாரும் ரகசியமாத்தான் பேசுவாக. பழகிருச்சு," என்றான், அவனும் ரகசியமாக.

பேங்குக்குப் பின்னால் ஒரு பழைய கடலைக் கோடவுன். அதற்குள்தான் கதவுகள். இன்னொரு விசேஷம்... அந்தக் கோடவுனுக்குக் கதவு கிடையாது.

"பூட்டு இல்லையா? எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"ஒரு பயலும் தொடல மாப்ள. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே போனேன். போகும்போது என்னையறியாமல் ஒரு தடவை இருமினேன். யார் வீட்டுக்கோ போவது மாதிரி.

தூண்களில் சாய்த்து வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சிவப்புப் பெயின்ட்டில் கடன் நம்பர். ஒன்றில் கரிக்கட்டியில் எழுதிய பால் கணக்கு. ஒன்றில் தேர்தல் ஸ்டிக்கர் பாதி கிழிந்து, ஒன்றில் ஆணியில் மாட்டிய சின்னச் சட்டை. எல்லாத் தாழ்ப்பாள்களையும் சுற்றி, கை பட்டுப் பட்டுக் கறுத்த ஒரு வட்டம்.

எங்கே இடறுகிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. எல்லாக் கதவுகளும் உள்பக்கத்தைக் காட்டி நின்றன. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். அப்படியென்றால் நாங்கள் நிற்பது வீட்டுக்குள்ளே. அத்தனை வீட்டுக்குள்ளேயும். வெளியே...?

டொக். டொக்.

மூன்றாவது தூணிலிருந்த கதவு. யாரோ அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள்.

நான் பகுத்தறிவுவாதி. பேய்களைப் பற்றிக் கிண்டலாக இதே பத்தியில் இரண்டு வாரம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் மாயழகனின் சட்டையைப் பிடித்திருந்தது என்னுடைய கைதான். அவனோ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வெள்ளிக்கிழமன்னா தட்டும்," என்றான். பிறகு குரலை உயர்த்தி, "வெளிய வாங்கத்தா. வெளியூர்க்காரர் பயப்படுறாரு."

கதவுக்கும் தூணுக்கும் நடுவிலிருந்த சந்திலிருந்து ஓர் அம்மாள் குனிந்து வெளியே வந்தாள். கையில் குங்குமச் சிமிழ், எண்ணெய்க் கிண்ணம். பெயர் ஒச்சம்மா. அந்தக் கதவுக்குச் சொந்தக்காரி. அதாவது, முன்னாள் சொந்தக்காரி.

"பொட்டு வைக்க வந்தேன் தம்பி. அப்பிடியே செல்லு அரிச்சிருக்கான்னு தட்டிப் பாத்தேன். கெட்டியாத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாளாம். இவள் மட்டுமில்லை, தெருவே வரும். முன்பக்கத்தில் பொட்டு வைத்துவிட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, கதவை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

அன்றைக்கு ஒச்சம்மா போகவில்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழம எம்மக செல்லத்தப் பாக்க வாராக. கல்லுப்பட்டிப் பக்கத்து ஆளுக. ரெண்டு எடம் வந்து, வாசலப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டாக. இதுவும் போச்சுன்னா அவ வாழ்க்க அம்புட்டுத்தான். கதவு வேணும்."

"பணத்தக் கட்டுங்கத்தா. இப்பவே நானே சொமந்துக்கிட்டு வாரேன்."

"பணம் இருந்தா ஒங்கிட்ட எதுக்கு நின்னு பேசுறேன்? கடனாக் குடுங்க. கடன் குடுக்குற பேங்குதான இது?"

"கதவையா?"

"ஒரு நா. திங்கக்கிழம விடியக் கொண்டாந்து இதே எடத்துல சாத்திருவோம்."

மாயழகன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "இதுக்கு என்ன வட்டி போடுறது?"

"வாராவாரம் எண்ண போட்டுக்கிட்டு இருக்கேன்ல. அதக் கழிச்சுக்க."

அதோடு விட்டாளா? தனக்கு மட்டும் வேண்டாம், தெருவுக்கே வேண்டும் என்றாள். "எங்க வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தா, வாரவுக ரெண்டு பக்கமும் பாத்துட்டு என்னன்னு கேப்பாகள்ல?"

"கோடவுன் தொறந்துதான கெடக்கு. நீங்களா எடுத்துட்டுப் போயிருந்தா எனக்கு என்ன தெரியும்?" என்றான் மாயழகன், பாதி நப்பாசையில்.

ஒச்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க என்ன களவாணியா? கேட்டு வாங்கணும்ல."

பிரச்னை என்னவென்றால், திங்கள் காலையில் ஏலத்துக்கு முன்னால் மேலாபீஸிலிருந்து ஆள் வந்து கதவுகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் மாயழகனுக்கு வேலை இருக்காது. இவன் மானேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாது, காதும் கேக்காது," என்றார். பிறகு, "ஜாமீன் யாரு?" என்றார்.

மாயழகன் என்னைப் பார்த்தான்.

ஒரு கதவு வாங்கப் போனவன், ஒரு தெருக் கதவுகளுக்கு ஜாமீன் ஆனேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மாயழகனும் வெள்ளை வேட்டியில், பெண்ணுக்குத் தூரத்து மாமன்களாக அந்தத் தெருவுக்குப் போனோம். எல்லா வீட்டுக்கும் கதவு மாட்டியிருந்தார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பட்டப்பகலில் ஒரு தெரு முழுக்கச் சாத்திக் கிடப்பது, திறந்து கிடப்பதைவிடப் பயமாக இருந்தது. வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும்.

தாழ்ப்பாள் போடும் சத்தம். எடுக்கும் சத்தம். திரும்பப் போடும் சத்தம். இந்த வீடு ஓய்ந்தால் அந்த வீடு. தெருக்கோடி வரை.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். ஒச்சம்மா சாமர்த்தியசாலி. தன் வீட்டுக் கதவை உள்சுவரோடு ஒட்டித் திறந்து வைத்திருந்தாள். நம்பர் சுவர்ப் பக்கம் மறைந்துவிட்டது. சாமானியத்தில் அழியாத பெயின்ட். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம்.

செல்லம் காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், அவள் தட்டைப் பார்த்தாள், மாயழகன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தவர், "வெயில் மூஞ்சில அடிக்குது," என்று எழுந்தார்.

"இருங்கண்ணே, நான்..." ஒச்சம்மா எழுந்திருப்பதற்குள் அவர் கதவை எட்டிப் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டார்.

வீடு இருண்டது. சிவப்பு நம்பர், ஆள் உயரத்தில், எல்லோர் முகத்துக்கும் நேராக நின்றது.

ஒச்சம்மாவின் கை வாய்க்குப் போயிற்று. எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியவர் நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். அந்தத் தெருவே காலையிலிருந்து செய்துகொண்டிருந்த அதே காரியம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எங்க கதவு பேரையூர்ப் பக்கம் ஒரு கோடவுன்ல நிக்கிது தங்கச்சி," என்றார், முகத்தைத் திருப்பாமலே. "அங்க கறுப்புப் பெயின்ட்டு. இது செவப்பு. பாக்க லெச்சணமாத்தான் இருக்கு."

ஒச்சம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அந்த இருட்டில் தெரியவில்லை.

"நாங்க பொண்ணெடுக்குறோம்," என்றார் பெரியவர். கதவைத் திறந்தார். வெளிச்சத்தில் மாயழகனைப் பார்த்து, "நீங்க பேங்க் தம்பிதான? வந்ததுலருந்து பொண்ணப் பாக்காமக் கதவையே பாக்குறீக. இவுக எங்க வீடு பாக்க வரணும்ல... பேரையூர்க் கிளையில ஒங்களுக்கு யாரும் தெரிஞ்ச ஆளு இருக்காகளா?"

திங்கள் விடிந்தபோது கதவுகள் கோடவுனில் நின்றன. அதே தூண், அதே வரிசை, அதே உள்பக்கம். மேலாபீஸ்காரர் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். கீல்களெல்லாம் இவ்வளவு பளபளப்பாக இருப்பதற்காகக் கிளையைப் பாராட்டவும் செய்தார்.

ஏலத்துக்குத் தண்டோரா போட்டார்கள். தெருவே வந்து நின்றது. மானேஜர் கேட்டார், மறுபடி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் அவரவர் கதவுக்கு எதிரே அவரவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். நானும் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக் கதவை யாராவது தட்டியிருப்பார்கள்.

பஸ் ஏற்றிவிடும்போது மாயழகன் சொன்னான். "மாப்ள, இந்த வருஷம் எங்க கிளை குடுத்த கடன்ல, சொன்ன நேரத்துக்கு முழுசாத் திரும்பி வந்தது இது ஒண்ணுதான். ஆனா ரிப்போர்ட்ல காட்ட முடியாது."

நேற்று மதுரையில் ஒரு மரக்கடையில் புதுக் கதவே வாங்கிவிட்டேன். தவணையில்தான். மாட்டி முடித்ததும் உள்பக்கத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

இப்போதைக்கு.