அக்கா சொன்ன ‘முடியல’

என் அக்கா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். நூலகம் மாடியில், இருபத்திரண்டு படி ஏறவேண்டும். எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களை வகுப்புக்கே தேடிப் போய் மானத்தை வாங்கிவிடுவாள். அவள் புருஷன், எங்கள் மாமா, அதே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கே அவர் ‘விசில்’. சாப்பிடும்போதுகூட அது கழுத்தில் தொங்கும்.

நாற்பத்தொரு வயதில் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிற நோய். இடது கால் இழுத்தது. மத்தியானத்துக்குள் உடம்பு அடித்துப்போட்டது போல் ஆகிவிடும். ஆறு மாதத்தில் அந்த இருபத்திரண்டு படியை ஏறினால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் பெண் நம்பிக்கையாகத்தான் பேசினாள். கையில் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்தாள்.

“வாரத்துக்கு ரெண்டு நாள், குறைஞ்சது அரை மணி நேரம் நடங்க. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். ரெண்டு நாள் பட்டையை இழுங்க. வெயில் வேணாம். களைப்பு வந்தா உக்காந்துடுங்க.”

இத்தனையிலும் மாமா காதில் விழுந்தது ‘குறைஞ்சது’ ஒன்றுதான்.

“ரெண்டு நாளா? இதுக்குப் பேரு பயிற்சியா? என் பசங்க தினமும் ஓடுறாங்க!”

மறுநாளே பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பதினோரு மணி வெயிலில், ஏனென்றால் அப்போதுதான் அவருக்கு வகுப்பு கிடையாது. விசில் ஊதினால் அக்கா நடக்கவேண்டும்.

“முடியலங்க” என்பாள்.

“முடியலன்னா என்ன அர்த்தம்? இன்னும் முடிஞ்சு போகலைன்னு அர்த்தம். நட!”

இந்த ஜோக்கை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். மாமா கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்போம். அவளை எப்படியும் மாடி ஏற்றிவிடணும் என்று உருகி உருகிச் செய்தார்.

ஐந்தாவது வாரம், மூன்று தடவை முடியல என்றாள். “கடைசிச் சுத்து!” என்று விசில் அடித்தார். இடது பாதம் தரையில் இடறி, விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, மூன்று மாதம் படுக்கை. ஏற்கெனவே தளர்ந்திருந்த கால் அதற்குப் பிறகு அவளைத் தாங்கவே இல்லை. நூலகத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். அக்காவின் கண்ணாடிக் கூடும் டம்ளரும் ஒரு பையில் வீடு வந்து சேர்ந்தன.

மாமா விசிலைக் கழற்றி பீரோவில் போட்டார். பிறகு அக்காவைத் தானாகத் தலை சீவிக்கொள்ளக்கூட விடவில்லை. குளியலறைக்கு அவரே குழந்தை மாதிரி தூக்கிப் போவார். ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள்.

பிசியோதெரபிஸ்ட் மறுபடி வந்தாள். “தப்பு பயிற்சி மேல இல்ல சார், நிறுத்த விடாததுலதான். இனி கைக்குப் பயிற்சி, வாரம் ரெண்டு நாள், பத்து பத்து தடவை. கையில பலம் வந்தா கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு அவங்களே மாறிக்கலாம். யாரும் தூக்க வேணாம்.”

யாரும் தூக்க வேணாம் என்றதும் அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே! மாடி, வேலை எல்லாம் போய், ஆசை அந்த ஒன்றில் வந்து நின்றிருந்தது.

முதல் நாள் நானும் கூட இருந்தேன். ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டினோம். அக்கா நான்கு தடவை இழுத்தாள். மாமா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“போதுமா? முடிஞ்சுதா?”

அக்கா எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அவருடைய பழைய ஜோக்கை அவருக்கே திருப்பிக் கொடுத்தாள்.

“முடியல.”

மாமா சட்டென்று பட்டையை அவிழ்த்தார். “பாத்தியா, நான் முன்ன மாதிரி இல்ல. முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், விட்டுடுவேன்.”

“இல்லங்க, இன்னும் ஆறு இருக்கு…”

“பேசாத. களைச்சுப் போயிருக்க.”

பட்டையைச் சுருட்டி பீரோ மேலே வைத்துவிட்டு அவளைத் தூக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு எட்டுகிற உயரம்தான். எடுத்துக் கொடுத்திருக்கலாம். மாமா அழுதுகொண்டிருந்தார், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.