நாலரையாவது மாடியில் ஒரு மாமா

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே மேசை, அதே இயந்திரம், கண்ணாடி தேயும்போது தண்ணீர் தெறிக்கும் அதே சத்தம். முன்னால் நின்று சிரித்துப் பேசி ஃப்ரேம் விற்பவர்கள் வேறு. இவளிடம் வந்து சேர்வது ஒரு தட்டும், அதில் ஒரு ஃப்ரேமும், இரண்டு வட்டக் கண்ணாடியும், டாக்டர் எழுதிய சீட்டும்தான். பார்வை எந்த இடத்தில் விழ வேண்டுமோ அங்கே மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவாள். புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. கடையில் அவளுக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். அவள் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், யாருடைய கண்ணாடியோ பாதி வெட்டியபடி கிடக்கும்போது, மகள் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவள் சில்லு. பேசியது வகுப்பு டீச்சர்.

"பயப்படாதீங்க, அவ நல்லா இருக்கா. ஒரு சின்ன விஷயம் கேக்கணும். உங்க அண்ணன் உங்க கட்டடத்துலதான் இருக்காரா?"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். "எங்க அண்ணனா? இல்லையே. அவர் வெளியூர்ல இருக்கார்."

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல இருக்கார்னு சொல்றா. அரை மாமாவாம். தினமும் அவர்கிட்ட பேசுவாளாம். மத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாராம். பிள்ளைங்க கதை விடறது சகஜம்தான். ஆனா நேத்து உங்க கட்டடத்துப் பொண்ணு ஒருத்தி, அவரைப் பாத்தே ஆகணும்னு லிஃப்ட் கதவுல பையை வெச்சு அடைச்சிட்டாளாம். லிஃப்ட் நின்னுபோச்சு. அவங்க அம்மா இங்க வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறாங்க. நீங்க வீட்டுல கொஞ்சம் பேசிப் பாருங்க."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அந்த லென்ஸைக் கெடுத்தாள். பல வருடங்களில் அவள் கெடுத்த முதல் லென்ஸ் அது. லிஃப்ட் நின்றதோ, அந்தப் பெண்ணின் அம்மா ஆடியதோ அவள் மனசில் ஏறவே இல்லை. 'மத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டார்' என்ற நாலு வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அந்த வார்த்தைகளை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரே அண்ணன், நாலு வயது மூத்தவன். அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவாள் என்பதால் அவளுக்கு அவன் வைத்த பெயர் 'வாலு'. பத்தொன்பது வயதில் அவன் மூடிய கதவுக்குப் பின்னால் யாருடனோ பேச ஆரம்பித்தான். வீட்டில் சிரித்தார்கள். "நாடகத்துல சேரப்போறான் போல" என்றார் அப்பா. மூன்று மாதம் சிரித்தார்கள். பிறகு அவன் சாப்பிட மறுத்தான். சாப்பிடாதே என்று 'அவங்க' சொன்னார்களாம். ஒரு நாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவன் பதினோரு நாள் திரும்பவில்லை. எங்கோ ஒரு கால்வாய்ப் பாலத்தடியில், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, மறுபடி ஆஸ்பத்திரி.

இப்போது அண்ணன் தேறிவிட்டார். தூரத்து ஊரில், தன்னைப் போன்றவர்களோடு ஒரு விடுதியில் இருக்கிறார், மாத்திரையைத் தவறவிடுவதில்லை, ஒரு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்குத் தையல் போட்டு அட்டை ஒட்டுகிறார். மாதம் ஒரு முறை அவள் போன் செய்வாள். சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்டாயா என்று இரண்டு கேள்வி கேட்டு வைத்துவிடுவாள். சில்லு பிறந்த பிறகு ஒரு தடவைகூட அவரை வீட்டுக்கு வரச் சொன்னதில்லை. "மாமா வெளியூர்ல இருக்கார்" என்பதற்கு மேல் மகளிடம் மூச்சு விட்டதும் இல்லை. அவர் போட்டோ அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

அன்று மாலை கணவர் கிரீஸ் படிந்த கையோடு வந்து சேர்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது நான் கிளப்பினதுதான். ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு இடம் இருக்குன்னு சொன்னேன். அங்க யார் இருப்பாங்கன்னு கேட்டா. நான் பாத்ததில்ல, நீ பாத்தா சொல்லுன்னேன். சொல்லியிருக்கா. வெறும் கதைம்மா அது."

"எங்க வீட்டுலயும் முதல்ல அப்படித்தான் சிரிச்சாங்க," என்றாள் அவள். அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

சில்லுவின் தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. அறுபத்து மூன்று பக்கம். நாலரையாவது மாடியின் வரைபடம்; முழங்கால் உயரத்தில் ஜன்னல்கள்; நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் எல்லோரும் உட்கார்ந்தே வாழும் அறைகள்; எதைக் கொடுத்தாலும் பாதி தின்றுவிட்டுப் பாதியை எடுத்துவைக்கும் மாமா. ஓரங்களில் கணக்குகள்: மாமாவிடம் ஆறரை ஆப்பிள், பாதி எவ்வளவு? மூன்றேகால். கணக்கு நோட்டைப் பார்த்தாலே அழுகிற பெண் போட்ட கணக்குகள் அவை. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அறுபத்து மூன்று பக்கமா, இவ்வளவு முற்றும்வரை நான் எங்கே இருந்தேன் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. நோட்டை எடுத்து அலமாரியின் உச்சியில் போட்டாள்.

"இனிமே அந்த மாமா கிடையாது. புரியுதா?"

"சரிம்மா," என்றாள் சில்லு.

சொன்னபடியே நடந்துகொண்டாள். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. குளியலறையில் பாட்டு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் கேட்கும் ஆயிரத்தெட்டுக் கேள்விகள் நின்றன. 'மழை நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், 'மழை பெய்தது. நனைந்தேன். துடைத்தேன்' என்று எழுதி மூடிவைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? முன்பு பேச்சுக்குப் பயந்த அம்மா இப்போது பேசாமைக்குப் பயந்தாள். அண்ணனும் ஒரு கட்டத்தில் இப்படித்தானே வாயை மூடிக்கொண்டான்? அறைக்கு வெளியே காதை வைத்து நின்றாள். வேலைக்கு நடுவே ஓடிப்போய்ப் பள்ளி மைதானத்தின் கம்பிவேலி வழியாகப் பார்த்தாள். மகள் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உதடு அசைகிறதா? இல்லை, எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சில்லுவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார். "எது நிஜம், எது கதைன்னு இவளுக்கு நல்லாத் தெரியுது. உங்க அண்ணன் விஷயத்தையும் குறிச்சுக்கிட்டேன். வளர வளரப் பாத்துக்கலாம். இப்போ இவ பேசாம இருக்கறதுக்கு நோய் காரணமில்ல. நீங்க பேசாதேன்னுட்டீங்க, அதான்."

அவளுக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறியது. டாக்டருக்கு என்ன தெரியும், அவர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவரா என்று நினைத்தாள். உள்ளே இருந்தவர் ஒருவர்தானே? ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"எத்தனையோ வருஷமா ரெண்டே கேள்விதான் கேக்கற. மூணாவதா ஒண்ணு கேட்டா கோவம் வருமா? கேளு வாலு."

"உனக்கு... அப்போ அவங்க வந்தாங்களே. முதல்ல எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் அண்ணன் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நான் கூப்பிடல. அவங்களா வந்தாங்க. போகச் சொன்னேன், போகல. கெஞ்சினேன், போகல. அதைக் கதைன்னு சொல்லாதே. கதைன்னா நிறுத்தலாம்." பிறகு, "ஏன், யாருக்கு என்ன?" என்றார்.

அவள் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவளுக்கு அந்த மாமாகிட்ட பயமா?"

"இல்ல."

"நீ சொன்னதும் நிறுத்திட்டாளே. என்னால நிறுத்த முடிஞ்சுதா? யோசிச்சுப் பாரு. அவகிட்டயே கேளு வாலு. அன்னைக்கு என்கிட்ட யாரும் கேக்கல. எல்லாரும் கதவுக்கு வெளியதான் நின்னீங்க. நீ அழுதது எனக்கு உள்ள கேட்டுது."

அவரே பேச்சை மாற்றினார். "அது சரி, அந்த மாமாவுக்குத் தலையில முடி இருக்கா?"

"என்னது?"

"எனக்குத்தான் மொத்தமாக் கொட்டிப்போச்சு. அவருக்காவது பாதி இருக்கட்டும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரையேறியது.

உள்ளே சில்லு தரையில் உட்கார்ந்து துவைத்த காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த மாமாவைப் பத்திச் சொல்லேன்."

"மாமா கிடையாதுன்னு சொன்னியே."

"சொன்னேன். கேக்காமலே சொல்லிட்டேன், தப்புதான். இவர் பேசறது உனக்குக் காதுல கேக்குமா?"

"ஐயோ அம்மா, அவருக்கும் சேத்து நான்தான் பேசணும். குரலை மாத்திப் பேசிப் பேசித் தொண்டை வலிக்கும்."

"அவர் வேண்டாம்னு நீ நினைச்சா?"

"அப்புறம் எப்படி வருவார்? அவர் நான் பண்ணினவர்தானே?" அம்மாவுக்கு இவ்வளவு கூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.

அம்மா ஒரு காலுறையை எடுத்து அதன் ஜோடியைத் தேடினாள். "அது ஏன் அரை மாமா? நாலரையாவது மாடியில இருக்கறதாலயா?"

சில்லு ஒரு காலுறையைச் சுருட்டினாள், பிரித்தாள். "நீ மாமாவைப் பத்திப் பாதிதான் சொல்லுவே. வெளியூர்ல இருக்கார்னு சொல்லுவே, உடனே சாப்பிடுன்னுடுவே. மீதியை நான் வெச்சுக்கிட்டேன்."

அன்று பிற்பகல் அந்தப் போட்டோ துணிகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நோயைப் பற்றியும் பதினோரு நாளைப் பற்றியும் எட்டு வயதுக்குப் புரியும்படி சொல்லி முடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள் கேட்டது ஒன்றுதான்: "செருப்பு எங்க போச்சு?"

இத்தனை வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

அதற்காக அம்மாவின் பயம் மறுநாளே பறந்துவிடவில்லை. மகளோடு சேர்ந்து கதை கட்டலாம் என்று நினைத்தாலும் அவளுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியிலேயே போனாள். புது ஃப்ரேம்களோடு வரும் பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லைகளைக் கடையில் குப்பையில் போடுவார்கள். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டுவந்தாள். "நாலரையாவது மாடியில யாருக்காவது கண்ணு சரியாத் தெரியலையா?"

சில்லு முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். இது சோதனையா, நிஜமாகவே கேட்கிறாளா? பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும்தான். கூரை தாழ்வு. குனிஞ்சு குனிஞ்சு நடந்து, தூரத்துல இருக்கறது தெரியாம போச்சு."

"அப்போ ஒவ்வொருத்தருக்கும் சீட்டு எழுதணும்."

லென்ஸ் பவர் கால், அரை, முக்கால் என்றுதான் ஏறும். நாற்பது பேருக்குச் சீட்டு எழுதி முடிப்பதற்குள் பின்னக் கணக்கு சில்லுவுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. அப்பா எங்கோ கழற்றிப்போட்ட பழைய லிஃப்ட் பட்டன் தகடு ஒன்றைக் கொண்டுவந்து, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே ஒரு துளை போட்டு, அதில் புதிதாக ஒரு பட்டனைப் பொருத்தினார். லிஃப்ட் கதவில் பையை வைத்த அந்தப் பெண்ணும் விளையாட வந்தாள். அவள் அம்மா மட்டும் வாசலோடு நின்று, "இனிமே எந்த மாடின்னாலும் படியிலேயே போகச் சொல்லுங்க" என்றுவிட்டுப் போனாள். குளியலறையில் மறுபடி பாட்டு கேட்டது. வாய் திறந்தால் மூடுவதில்லை என்று கணவர் அலுத்துக்கொண்டார். ஆனால் அலுப்பு அவர் முகத்தில் இல்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு அண்ணனை வரச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு வாரம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். வந்தால் என்ன ஆகும்? இடம் மாறி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? குழந்தை ஏடாகூடமாக எதையாவது கேட்டுவிட்டால்?

கேட்டேவிட்டாள். அண்ணன் பையைக் கீழே வைப்பதற்குள், "மாமா, உங்க செருப்பு எங்க போச்சு?"

கணவர் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார். அண்ணன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. ஒத்தைச் செருப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அங்க ஒரு நாய் இருந்துச்சு, அதுகிட்ட குடுத்துட்டேன்."

"வாங்கிக்கிச்சா?"

"ரொம்ப நேரம் யோசிச்சுட்டு வாங்கிக்கிச்சு."

அந்தப் பதினோரு நாளிலிருந்து ஒரு நொடி அன்றுதான் முதல்முறையாக அம்மாவுக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் பாலத்தடி என்றாலே அவளுக்கு இருட்டுதான் தோன்றும். இப்போது அதில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

நாலு மணிக்கு அண்ணன் எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எதற்கு என்று சில்லு கேட்டாள், மறைக்காமல் சொன்னார். பிறகு அவள் நோட்டை வாங்கிப் பார்த்து, தையல் விட்டுப்போயிருக்கிறது என்று உச்சுக்கொட்டினார். ஊசி, நூல், பசை கேட்டார். தாள் தாளாகப் பிரித்து, தைத்து, கெட்டி அட்டை போட்டுக் கொடுத்தார். அந்த விரல்கள் நடுங்கவில்லை என்பதைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சில்லுவுக்கு இப்போது பதின்மூன்று. அரை மாமா என்றைக்குப் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் அவர் இல்லை. இப்போது வீடுகளாக வரைந்து தள்ளுகிறாள், கணக்கில் பெயரெடுக்கிறாள், அம்மாவிடம் எதிர்த்துப் பேசுகிறாள். வருடம் ஒருமுறை டாக்டரைப் போய்ப் பார்க்கிறார்கள். பத்தொன்பது நெருங்குகிறதே என்று அம்மா விரல் விட்டு எண்ணுவதும் நிற்கவில்லை. ஆனால் எண்ணுவதை இப்போது கணவரிடம் சொல்கிறாள், மகளிடமும்கூடச் சொல்கிறாள்.

இந்த விடுமுறைக்கும் அண்ணனை அழைத்துவர பஸ் நிலையம் போனாள். பஸ் நாற்பது நிமிடம் தாமதம். வந்து நின்றதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அண்ணனைக் காணோம். அவள் படியில் காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் வரிசையில் யாரையோ டிரைவர் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டேன் வாலு," என்றார் அண்ணன், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "பசை டப்பா சீட்டுக்கு அடியில உருண்டுடுச்சு. அதைக் கொஞ்சம் எடு."