மாமன் டீமும் என் பெஞ்சும்

இன்று காலை எட்டேகால், ஏற்காடு பஸ். பக்கத்து சீட்டில் எங்கள் தலைச்சோலை ஃபுட்பால் டீமின் மேனேஜர் கதிர் அண்ணன்.

"ஞாயித்துக்கெழம கரடியூர் மேட்சுக்கு நீ பெஞ்சுல உட்காரு கண்ணு" என்றார்.

இந்த சீசனில் எங்களுக்கு அதிக கோல் அடித்தவன் நான்.

"ஏனுங்கண்ணா?"

"உங்கக்காவ கரடியூர்லதானே குடுத்திருக்குது? மாமன் டீமுக்கு எதிரா நீ எப்படி அடிப்பே? போன தடவ பெனால்டிய வெளிய அடிச்சவன்தானே?"

"மைதானம் சரிவுங்க. நான் மெக்கானிக்கல் படிச்சவன், வரைஞ்சே காட்டறேன்."

"வரைஞ்சு ஊட்ல மாட்டிக்க சாமி."

பஸ்ஸே சிரித்தது.

இறங்கியதும் மாமாவுக்கு போன் போட்டேன். கரடியூருக்கு கோல் அடிப்பவர் அவர்தான்.

"என்னையும் உட்கார வெச்சுட்டாங்க மாப்ள. மச்சினன் டீம்னு பாவம் பார்ப்பேனாம்."

ஆக, கோல் அடிக்கிற இரண்டு பேருமே வெளியே. மேட்ச் டிரா ஆனால் கோப்பை, புள்ளியில் முன்னால் நிற்கும் வெள்ளக்கடை டீமுக்குப் போய்விடும்.

இனி நான் செய்யப் போவது:

1. இரண்டு மேனேஜர்களையும் ஒரே டீக்கடையில் உட்கார வைத்துப் பேசுவேன்.
2. அது நடக்காவிட்டால் அக்காவை அனுப்புவேன்.
3. அக்கா கல்யாணத்தைப் பேசி முடித்தவரிடம் போய்ச் சண்டை போடுவேன். அவர்தான் வெள்ளக்கடை மேனேஜர். துணைக்கு யார் வருகிறீர்கள்?