டிக்கெட் அக்கா வீட்டுக்காரருக்குப் போட்ட டிக்கெட்

எந்த விமானம் நல்ல விமானம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தொரு வருடமாக ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் விசா ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லா விமானத்திலும் ஏறி இறங்கியவன் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒன்றில்கூட ஏறியதில்லை. என் பக்கத்து மேஜைக்காரியும் ஏறியதில்லை, ஆனால் அவளிடம் கேட்டால் சரியான பதில் வரும்.

அவளை எல்லோரும் டிக்கெட் அக்கா என்பார்கள். எங்கள் முதலாளிக்கு அறுபத்தெட்டு வயது, அவரும் வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு நாற்பத்தாறு. மாடியில் ஒரே அறை ஆபீஸ். ஏசி சொட்டும், அதற்குக் கீழே ஒரு வாளி. வாளி நிரம்பினால் அவள்தான் எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வருவாள். எங்கள் கண்ணுக்கு அது படாது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிக்கெட் வாங்கிப் போனவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் போடுவாள். கால் வீங்கியதா, சாப்பாடு சூடாக வந்ததா, கக்கூஸ் சுத்தமாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதினைந்து வருடம் இப்படிக் கேட்டுக் கேட்டே எல்லா விமானமும் அவளுக்கு அத்துப்படி. பெயர்கூட வைத்திருந்தாள். மலிவாகக் கிடைக்கும், ஆளைத் திணித்துக்கொண்டு போகும் கம்பெனிக்குப் பெயர் மூட்டை. இரண்டு இடத்தில் நின்று நின்று போவது ஆமை. நன்றாகச் சோறு போட்டு, போர்வை கொடுத்து, பெட்டி ஒரு கிலோ கூடினாலும் நூறு கேள்வி கேட்கும் கம்பெனிக்குப் பெயர் மாமியார்.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். பதினோரு வருடமாக வெளிநாட்டில் வேலை. இந்தப் பதினோரு வருடத்தில் நான்கு தடவை வந்துபோனார், நான்கு தடவையும் கம்பெனி கொடுத்த மூட்டை டிக்கெட்டில்தான். போன வருடம் ஒரு இரும்புச் சட்டத்தைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார், சொல்லவே இல்லை. கடைசியில் டிஸ்க் விலகி, இடது கால் மரத்துப்போய், அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்ற நிலை வந்தது. நிற்கலாம், படுக்கலாம், உட்கார மட்டும் முடியாது. கம்பெனிக்காரன் விசாவை ரத்து செய்துவிட்டு, வருகிற சனிக்கிழமைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். தாண்டினால் அபராதம், அல்லது உள்ளே பிடித்து வைப்பார்கள்.

விமானத்தில் மட்டும் பதினேழு மணி நேரம். அரைமணி உட்கார முடியாத மனிதரைப் பதினேழு மணி நேரம் உட்கார வைத்துக் கொண்டுவர வேண்டும். எவனெவனுக்கோ பத்து நிமிடத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவள், இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். கம்பெனி தரும் மூட்டை டிக்கெட் வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்த மூன்று நாளும் என் உயிரை வாங்கினாள். திங்கட்கிழமை காலையில் வந்ததும் டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸ் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட ஆரம்பித்தாள். என்னம்மா செய்கிறாய் என்றேன். அவள் வீட்டுக்காரரும் நானும் ஒரே உயரமாம். நான் பின் நாற்காலியில் உட்கார வேண்டுமாம். முன் நாற்காலியை ஒவ்வொரு விமானக் கம்பெனியின் இருக்கை இடைவெளிக் கணக்குப்படியும் நகர்த்தி, முழங்கால் இடிக்கிறதா என்று பார்ப்பாளாம்.

“உனக்குப் பைத்தியமா? எனக்கு வேலை இருக்கு.”

“மடியில வச்சு எழுதுங்கண்ணே. மதியம் வரைக்கும்தான்.”

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? மூட்டையின் கணக்கில் ஒரு மணி நேரம், மாமியாரின் கணக்கில் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று விரல்கடைதான். அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று முதலில் சிரித்தேன். முதல் ஒரு மணி முடிவதற்குள்ளேயே என் இடுப்பு எனக்குச் சொல்லிவிட்டது. நோய்நொடி இல்லாத எனக்கே அப்படி. பாஸ்போர்ட்டுக்கு வந்த ஒருவர் என்னைப் பார்த்து, இந்த சாருக்கு என்ன தண்டனை என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாயும் புதனும் போன். முதுகுவலிக்காரர்கள், முழங்கால் ஆபரேஷன் செய்தவர்கள் என்று பழைய ஆட்களைத் தேடித் தேடிக் கூப்பிட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முதல் வரிசை கேளுங்கள், காலை நீட்டலாம் என்றார். முதல் வரிசையில் கைப்பிடி தூக்க வராது, கைக்குழந்தைக்காரர்கள்தான் வருவார்கள் என்று இவளுக்குத் தெரியும். அவசரக் கதவுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் உண்டு, ஆனால் அங்கே உட்கார நல்ல உடம்பு வேண்டும். ஆமை இரண்டு இடத்தில் நிற்பதால் இறங்கிப் படுத்துக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் முப்பது மணி நேரம் ஆகும். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள், வீட்டில் இவள் ஒருத்திதான். சாப்பிட்டாளா இல்லையா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. நான் கேட்டால், ஆச்சு அண்ணே என்பாள். பொய்.

புதன் சாயங்காலம் மாமியார்தான் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை விமானம். வால் பக்கம் கடைசிக்கு மூன்றாவது வரிசையில் விமானத்தின் உடம்பு குறுகும். மூன்று இருக்கை இருக்கும் இடத்தில் இரண்டுதான் இருக்கும், ஓரத்தில் ஒரு கை அகல இடம் மிஞ்சும். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் சமையல் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அந்த வரிசையில் நடைவழிப் பக்கத்து இருக்கையைப் பிடித்தாள். பிடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் தனியாகப் போகும்போது வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட்டில் போட்டுவிடுவோம். அவர்களுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கும், ஓடச் சொன்னால் ஓடுவார்கள். பாஷை தெரியாது, நடுவில் மாறும் விமான நிலையம் ஒரு ஊர் அளவுக்கு இருக்கும், அதுதான் பயம். வீல்சேர் என்று போட்டால் ஒரு ஆள் வந்து அடுத்த விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விடுவான். எதற்கு வீல்சேர் என்று கேட்டால் வயசாச்சு என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். எத்தனையோ பேருக்கு டிக்கெட் அக்கா அப்படிப் போட்டிருக்கிறாள். ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்காரர் டிக்கெட்டிலும் அவள் கை தானாகப் போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். டிக்கெட் அக்காவின் போன் அடித்தது. பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ள போயிட்டார் போல என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னை ஏத்த மாட்டேங்கிறாங்க.”

அவர் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கவுண்டரில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, வீல்சேர் எதற்கு, என்ன தொந்தரவு என்று கேட்டிருக்கிறாள். இவர் சொல்லியிருக்கிறார்.

“எல்லாத்தையும் சொன்னீங்களா?”

“கேட்டாங்களே.”

டிஸ்க், மரத்த கால், அரைமணிக்கு மேல் உட்கார முடியாது, எல்லாம். அந்தப் பெண் பதறிப்போய் அதிகாரியைக் கூப்பிட்டாள். அதிகாரி வந்து ஒரு நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், விமானத்தில் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபாரம் எங்கே என்று கேட்டார். ஃபாரம் இல்லை. அதை இரண்டு நாள் முன்பே விமானக் கம்பெனிக்கு அனுப்பியிருக்க வேண்டும். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம், நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால் என்று சொல்லி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு அந்த ஃபாரம் தெரியாதா? தெரியும். நிஜமாகவே முடியாதவர்களுக்கு அது வேண்டும் என்று எனக்குக்கூடத் தெரியும். ஆனால் நாங்கள் வீல்சேர் போட்டதெல்லாம் நடக்கத் தெரிந்தவர்களுக்கு. முடியாத ஒருவருக்குப் போடுகிறோம் என்பது, இத்தனை அளந்து பார்த்தவளுக்கு, அந்த ஒரு நொடியில் தோன்றவில்லை. என்ன பேசுவது என்று அவரிடம் சொல்லி அனுப்பவும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. மூன்று விரல்கடைக்காக என்னைப் பாடாய்ப் படுத்தியவளை அன்றைக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை.

மறுநாள் சனி, கடைசி நாள். அதனால் அன்றைக்கே எல்லோருக்கும் போன் போட்டோம். அவர் வேலை பார்த்த கம்பெனியின் டாக்டர் போனை எடுக்கவில்லை. மாமியார் நிறுவனத்தின் ஆபீஸுக்கு நான் பேசினேன், முதலாளி பேசினார், அவர்கள் மன்னிப்புக் கேட்டார்களே தவிர இறங்கி வரவில்லை. ஆமையில் இடம் இல்லை. சனிக்கிழமைக்கு இருந்தது மூட்டையில் ஒரே ஒரு இருக்கை. மூன்று பேர் வரிசையில் நடு இருக்கை.

அவள் அதை டைப் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், பாஸ்போர்ட் நம்பர், தேதி. கை பழக்கத்தில் வீல்சேர் இடத்துக்குப் போனது. கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவருக்குப் போன் போட்டாள்.

“இங்க பாருங்க. நாளைக்கு யார் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. கவுண்டர்ல நேரா நில்லுங்க. நொண்டாம நடங்க.”

“சரி.”

“வலின்னு வாயே திறக்கக் கூடாது.”

“சரிம்மா.”

போனை வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதில் பாதிகூட நிரம்பவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு அவளோடு நானும் விமான நிலையத்துக்குப் போனேன். தனியாக விட மனசில்லை. பின் இருக்கையில் விரித்துப்போட இரண்டு தலையணை கொண்டுவந்திருந்தாள். விமானம் இறங்கிவிட்டது என்று போர்டில் வந்து ஒரு மணி நேரம் ஆகியும் அவரைக் காணோம். கூட்டமெல்லாம் வெளியே வந்து, கட்டிப்பிடித்து, அழுது, போயே போய்விட்டது. கடைசியில் வந்தார். தள்ளுவண்டியில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தில் ரத்தமே இல்லாமல், நேராக நடந்து வந்தார். நொண்டவே இல்லை. வெளிக்கதவைத் தாண்டி எங்களை அடையாளம் கண்ட பிறகுதான் இடது காலை இழுக்க ஆரம்பித்தார்.

அவள் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். காருக்குப் பக்கத்தில் வந்ததும் டிரைவர் பின்கதவைத் திறந்தார். இவர் அந்த சீட்டையும் தலையணையையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?” என்றார், ஏதோ அனுமதி கேட்கிற மாதிரி.

“நில்லுங்க, நில்லுங்க. அவசரமில்ல.” அவள் அவர் முதுகில் கையை வைத்துத் தேய்த்துவிட்டாள். “விமானத்துல அப்பப்ப எந்திரிச்சு நின்னீங்களா? பின்னாடி இடம் இருந்திருக்குமே.”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“பதினேழு மணி நேரமா? ஒரு தடவைகூடவா?”

“நடுவுல விமானம் மாறினப்ப மட்டும். மத்தபடி உள்ள நின்னா, எதுக்கு நிக்கிறீங்கன்னு யாராவது கேப்பாங்க. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் உக்காந்தே வந்துட்டேன்.”

அவள் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது. நான் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம். டிரைவர் என்ன புரிந்துகொண்டாரோ, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து ஓரமாக நின்றார். காரில் உட்காருங்கள் என்று நாங்கள் யாரும் அவள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வெயில் ஏறுகிறவரை நான்கு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.