நாக்கை உள்ளே தள்ளு

செத்துப்போனவர்களுக்குக் கண் திறந்துவிடுவதுதான் எங்கள் தொழில். அஸ்தினாபுரத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே, மாடியில் நானும் என் மனைவியும் ஸ்டுடியோ நடத்துகிறோம். கல்யாண ஆல்பம், குழந்தைகளின் பிறந்தநாள் எல்லாவற்றையும் செல்போன் விழுங்கிவிட்ட பிறகு எங்களுக்கு மிஞ்சியது சாவு வீட்டு வேலை மட்டும். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். குழாயை எடுப்போம். வெள்ளைச் சட்டை மாட்டுவோம். பக்கத்தில் நிற்கிற பேரன் பேத்திகளை வெட்டிவிட்டுப் பின்னால் நீல நிறம் கொடுப்போம். மூடிய கண்ணைத் திறந்து வைப்போம்.

இந்தக் கண் வேலையில் என் மனைவியை அடிக்க ஆள் கிடையாது. அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மச்சம், தழும்பு, கோணல் பல் எதையும் தொடமாட்டாள். தொட்டால், "இது எங்கப்பா மாதிரியே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பாள். இப்போதெல்லாம் நாய் செத்தாலும் இதே மாதிரி படம் கேட்கிறார்கள். முடிச்சூரிலிருந்து வந்த ஒருவர், செத்த நாயின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை நீட்டி, எங்கள் எதிரிலேயே அழுதார். அவரை வெட்டிவிட்டு, நாயை மட்டும் நீல நிறத்தில் உட்கார வைத்துக் கொடுத்தாள். அதன் கிழிந்த காதையும் அப்படியே விட்டிருந்தாள்.

அப்படியும் கடை ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. பிரியாணிக் கடைக்காரர் மாடியையும் சேர்த்துக் கேட்கிறார் என்று வீட்டுக்காரர் இரண்டு முறை காதில் போட்டுவிட்டார். புது வேலை ஏதாவது பிடிக்காவிட்டால் காலி செய்யவேண்டியதுதான் என்று இருந்த நேரத்தில், பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற என் பள்ளிக்கூட நண்பன் போன் செய்தான். வெளிநாட்டுப் படங்களைச் சரிசெய்து அனுப்புகிற கம்பெனி அது.

"மச்சான், அமெரிக்கா வேலை ஒண்ணு கீது. வேட்டைக்கு ஆள் கூட்டிக்கினு போற பார்ட்டி. சீசன் பூரா படம் வரும். மொதல்ல கேட்லாக் அட்டைக்கு ஒரே ஒரு படம். அது ஓகே ஆச்சுன்னா மொத்தமும் உனக்குத்தான்."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் படம் வந்தது. காய்ந்த புல்வெளி, தூரத்தில் பனி மலை. எல்க் என்கிற மான். வண்டலூரில் நான் பார்த்த கடமானெல்லாம் இதற்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி. கழுத்தில் கறுப்பு மயிர், தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கொம்பு. பின்னால் ஓர் ஆள் மண்டியிட்டு, இரண்டு கொம்பையும் இரண்டு கையால் பிடித்து, அதன் தலையை நிமிர்த்தித் தன் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. மானின் நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. மூக்கில் ரத்தம். கண்ணில் பால் ஊற்றியது போல ஒரு மூட்டம்.

கூடவே என் போனுக்குத் தனியாக ஒரு தாள். நாக்கை வாய்க்குள் தள்ளவும். ரத்தத்தைத் துடைக்கவும். கண்ணில் ஒளி கொடுக்கவும். கொம்பு முழுவதும் வானத்தில் தெரியட்டும். இடது கொம்பில் ஒரு கிளை உடைந்திருக்கிறது, வலதைப் பார்த்து அதேபோல் முளைக்க வைக்கவும். ஆளை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கவும்.

ஆள் சின்னதாவது எதற்கு என்று புரியவில்லை. நண்பனைக் கேட்டேன். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படியாகி இருந்தது.

"ஆளு சின்னதா இருந்தாத்தான் கொம்பு பெருசாத் தெரியும். அவனுங்களுக்கு கொம்புதான்டா எல்லாம். பக்கத்துக்கு ஆறு கிளை இருக்கணும். டேப் வெச்சு அளப்பானுங்க, நீளம், சுத்தளவு, நடுவுல எவ்ளோ அகலம், எல்லாத்தையும் கூட்டி மார்க் போடுவானுங்க. லெஃப்டும் ரைட்டும் ஒரே மாதிரி இல்லன்னா அதுக்கு மார்க் கட்டு."

"கிளை எப்படி உடைஞ்சுதாம்?"

"இன்னொரு மானோட சண்டை போட்டிருக்கும். அதான் அதோட வேலை."

"கிட்ட எப்படிப் போறாங்க?"

"எங்க போறது, அதுவே வரும். பொட்டை மான் கூப்புடுற மாதிரி ஒரு ஊதல் இருக்குது. ஊதுனா வந்துடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் போனை வைத்துவிட்டேன். நான் ஒன்றும் உத்தமன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பைபிளோடு நேராகக் கறிக்கடைக்குப் போய், தொடைக்கறி இருக்கிறதா என்று நிற்கிறவன். கொன்று தின்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் எங்கள் கறிக்கடைக்காரர் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. ஜோடிக்கு ஆசைப்பட்டு ஓடி வந்ததைச் சுட்டுத் தள்ளுவது, அதன் தலையில் டேப் வைப்பது, வாழ்நாளெல்லாம் சண்டை போட்டு உடைத்துக்கொண்ட கொம்புக்கு மார்க்கைக் குறைப்பது, பிறகு அந்த மார்க்கும் பொய்யென்று ஆகும்படி என்னை வைத்துக் கிளையை ஒட்டுவது. இதற்குப் பெயர் பெருமையாம். தூ என்று இருந்தது.

அதைவிட அசிங்கம், அந்தத் தாளில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை என்பது. வாயை மூடுவது, ரத்தம் துடைப்பது, கண்ணுக்கு ஒளி கொடுப்பது. இருபது வருஷமாக நான் மரியாதை என்று நினைத்துச் செய்துவந்ததை ஒருத்தன் வாடகைக்குக் கேட்கிறான்.

சனிக்கிழமை உட்கார்ந்தேன். நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், மூடிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி டீ. மனைவி என்ன என்று கேட்டதற்கு, "அமெரிக்கா வேலை, ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் கறிக்கடைக்குப் போனேன். ஒரு சாவு வீட்டுப் படம் பாக்கி இருந்ததால் அவள் கடையைத் திறக்கப் போனாள். நான் கறியோடு மாடி ஏறியபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"உங்க அமெரிக்கா படத்தையும் முடிச்சுட்டேன். நேத்தெல்லாம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்பியும் விட்டாச்சு."

திரையைப் பார்த்தேன். ஆளைக் காணோம். மலையைக் காணோம். நீல நிறத்தில் அந்த மான் மட்டும், கழுத்து வரைக்கும், நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. கண்ணில் நம்பவே முடியாத ஓர் ஈரம். உடைந்த கிளை உடைந்தபடியே இருந்தது.

"அந்தத் தாளைப் படிக்கலையா?"

"தாளா? படம்தான் இருந்துச்சு. நம்ம முடிச்சூர் சார் மாதிரி, யாரோ அமெரிக்காக்காரன் வளர்த்தது செத்துப்போச்சுன்னு நினைச்சேன். எப்படிக் கட்டிப் பிடிச்சிருந்தான் பாவம்."

"அவன் சிரிச்சிட்டு இருந்தானே."

"நம்ம ஆளுங்க மட்டும் என்ன? கேமராவைக் கண்டா சாவு வீட்டுலகூடத்தான் பல்லைக் காட்டுறாங்க."

அதற்குள் போன் அடித்தது. நண்பன். "இன்னா மச்சான் பண்ணி வெச்சிருக்க? காசு குடுத்தவனையே காணோம். பேஜார் பண்ணாத, அவனுங்க எழுந்துக்கறதுக்குள்ள மாத்திக் குடு. இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. சொன்னேன். ஊதல், டேப், மார்க், எல்லாம். அவள் பழைய படத்தைத் திறந்து, அந்த ஆளின் கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

"கொன்னவனா இவன்?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கான்?"

கறிப் பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போது அப்படித்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்தேன். ஆளைத் திரும்பக் கொண்டுவந்து, கொஞ்சம் சின்னதாக்கி, மானுக்குப் பின்னால் மண்டியிட வைத்தேன். நாக்கை உள்ளே தள்ளினேன். ரத்தத்தைத் துடைத்தேன். வலது கொம்பிலிருந்து ஒரு கிளையை வெட்டி, திருப்பி, இடதில் ஒட்டினேன். கண் மட்டும் எனக்கு வரவில்லை. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, அவள் செய்த கண்ணை எடுத்து அதில் வைத்தேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. அட்டைப்படம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, முக்கியமாக அந்தக் கண் உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறதாம். மொத்த வேலையும் எங்களுக்கே வந்தது. பிரியாணிக் கடைக்காரர் வேறு மாடி பார்த்துக்கொண்டார்.

அந்த வேலையை நான் தனியாகத்தான் செய்கிறேன். அவள் அந்தக் கணினிப் பக்கம் வருவதில்லை. சண்டை போடவில்லை. தான் செய்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, சுவரில் மாதிரிக்கு மாட்டியிருக்கிற தாத்தா பாட்டிகளின் வரிசையில் கடைசியாக மாட்டினாள், அவ்வளவுதான். அது என் முதுகுக்குப் பின்னால் வரும்படி நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் ஒருவர் தன் அப்பாவின் படத்தோடு வந்தார். சுவரில் இருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசிப் படத்தின் முன்னால் நின்றார்.

"சார், எங்கப்பாவுக்கும் கண்ணு இதே மாதிரி வேணும்" என்றார். "இது நீங்க வளர்த்ததா?"

நான் அப்போது இன்னொரு மானின் நாக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். திரையைச் சட்டென்று அணைத்துவிட்டு, ஆமாம் என்றேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.