டைல்ஸ் தரையில் எட்டிய கால்

உயரமான சீட் உள்ள சூப்பர்மோட்டோ பைக்கை ஆசைப்பட்டு வாங்கினேன். கடையின் டைல்ஸ் தரையில் நுனிக்கால் எட்டியது. அதுவே போதும் என்று நினைத்த முட்டாள் நான்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. மனைவி ஸ்டெல்லாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, வழக்கம்போல இடையில் புகுந்தேன். நிறுத்திக் காலை ஊன்றினால், லாரிகள் அழுத்திய பள்ளம். கால் தரையைத் தொடவில்லை. வண்டியோடு சரிந்தோம். அதே நேரம் பக்கத்து லாரி நகர்ந்து, தரையில் கிடந்த ஸ்டெல்லாவின் துப்பட்டா மீது ஏறி நின்றது.

டிரைவர் குதித்து இறங்கினார். "கால் எட்டாத வண்டிய இன்னாத்துக்கு நைனா ஓட்டிகினு வர்ற? பொண்டாட்டிய சாவடிக்கவா?"

பைக்கை விற்றுவிட்டேன். இப்போது தாழ்வான ஸ்கூட்டர். இரண்டு பாதமும் முழுதாகப் பதிகின்றன. லாரிகளுக்கு இடையில் நுழைவதே இல்லை. தினமும் காலையில் ஸ்டெல்லாவைக் கூப்பிடுகிறேன்.

"நீ போ. நா பஸ்ல போய்க்கிறேன்" என்கிறாள்.