இரண்டு வாசல் உள்ள பாதை

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு இடி இடித்தது. மழை இல்லை. காட்டுக்கு மேலே ஒரே ஓர் இடி. அதுவரை ஐம்பதடி முன்னால் நடந்துகொண்டிருந்த என் மகளை அதன்பிறகு காணவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் போர்மேன். தீபாவளி முடிந்து ஆலை மூடியிருக்கும் நாட்களில்தான் எங்களுக்கு ஊர் சுற்ற நேரம். இந்த முறை அந்தமானில் ஒரு சின்னத் தீவு. பதினாறு வயது மகளுக்கு மலையேற ஆசை, மனைவிக்கு முழங்கால் வலி. அதனால் நடுத்தரமான ஏற்றமாக, ஆனால் கடல் தெரிகிற பாதையாக வேண்டும் என்று ஒரு மாதம் வீடியோ பார்த்தேன். அருவிக்குப் போகும் பாதை அழகாகத்தான் இருந்தது. போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்பதால் வேண்டாம் என்றேன். கலங்கரை விளக்கப் பாதையையும் அதற்காகவே விட்டேன். கடைசியில் பிடித்தது மூன்று கிலோமீட்டர் பாதை. ஒரு முனையில் வனத்துறைச் சாவடி, மறுமுனையில் மீனவர் குடியிருப்பு, நடுவில் கடல் பார்க்க ஒரு பாறை.

"ஊரு உலகமெல்லாம் கடலப் பாக்கும், உங்கப்பா வாசலப் பாக்குறாக," என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள் மனைவி.

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஆலையில் எந்த அறைக்கும் எதிரெதிராக வாசல் உண்டு. ஒன்று அடைபட்டால் இன்னொன்று.

சாவடியில் இருந்த வனத்துறைப் பெண் தமிழ் பேசினார். தீப்பெட்டி, லைட்டர் இருந்தால் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எங்களிடம் அவை இல்லை. ஆனால் நான் மூன்று பேருடைய செல்போன்களையும் வாங்கி அவர் மேசைமேல் வைத்துவிட்டேன். ஆலையில் தினமும் காலையில் வேனில் வந்து இறங்குகிற வேலையாட்களிடம் தீப்பெட்டியையும் போனையும் சேர்த்தே வாங்கி வைக்கிற கை. "போன் கொண்டு போகலாம் சார்," என்றார் அவர். எடுக்கக் கூச்சமாக இருந்தது. "இருக்கட்டும்மா, அந்தப் பக்கம் எறங்கி ரோட்டு வழியா திரும்ப இங்கனதான வருவோம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இடிக்குப் பிறகு பாறை வரை ஓடினோம். அவள் இல்லை. பாறைக்குக் கீழே செங்குத்தான சரிவு, புதர், அதற்கும் கீழே அலை.

"முன்னாடி போயிருப்பா," என்றாள் மனைவி.

"நம்மள விட்டுட்டு அவ போவாளா? வழுக்கித்தான் விழுந்திருக்கணும்."

வேரைப் பிடித்துப் பிடித்து நான் சரிவில் இறங்கினேன். மனைவி பாறையில் உட்கார்ந்து மகளின் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தாள். அந்தத் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு போன் இருந்தால் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பி இரண்டு வாரமாகிறது. மகள் பக்கத்து அறையில் இருந்தாலும் இப்போதும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் பாறைக்கு ஏறி வந்தபோது, மீனவர் குடியிருப்புப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் அந்த வனத்துறைப் பெண், பின்னால் என் மகள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

"உங்க போன் விடாம அடிச்சுச்சு சார். எடுத்தா உங்க பொண்ணு. அங்க ஒரு வீட்டுல போன் வாங்கிப் பேசுது. ரோட்டு வழியா ஸ்கூட்டர்ல போய்க் கூட்டிட்டு வாரேன்," என்றார் அவர்.

மனைவி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி, ஒரு நிமிசம் நிக்கக் கூடாதா? பின்னாடி பெத்தவுக வாராகன்னு நெனப்பு வேணாமா?"

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டா எதிர இருக்குற வாசலுக்கு ஓடு, யாருக்காகவும் நிக்காதன்னு சின்னப்புள்ளைலருந்து நீங்கதானப்பா சொல்லுவீக."